வெளியே தொங்கிய பூட்டு

அம்மாவும் மகனும் சேர்ந்து கடைசியாகச் செய்த வேலை, தையல் மெஷினின் பெல்ட்டைச் சுருக்கியது.

ஞாயிற்றுக்கிழமை முற்பகல். பெல்ட் தளர்ந்து போயிருந்தது. மிதித்தால் கீழ்ச்சக்கரம் சுற்றியது. மேலே ஊசி மட்டும் மனம் வந்தால் இறங்கியது, வராவிட்டால் நின்றது.

"அப்படியே உங்கப்பாதான். கூப்பிடறது கேக்கும், அசையறதில்ல," என்றாள் அம்மா.

அப்பா அதே அறையில் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். செய்தித்தாள் அசையவில்லை.

மகன் தரையில் உட்கார்ந்து, பெல்ட்டின் இரண்டு முனைகளையும் சேர்த்திருந்த கம்பிக் கொக்கியைக் குறடால் நெம்பி எடுத்தான். விரற்கடை நீளம் தோலை வெட்டினான். ஆணியால் புது ஓட்டை போட்டான். அம்மா குனிந்து மேல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். அவனுக்கு லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் இன்ஜினியர் வேலை. கயிறும் சக்கரமும் இழுவிசையும் அன்றாடம் புழங்குகிற சமாச்சாரம்.

"ரொம்ப இறுக்கிட்டடா. மிதிக்க முடியாது."

"தோல்தானேம்மா. போகப் போக இளகும்."

"அது இளகறதுக்குள்ள என் முட்டி இளகிடும்."

கொக்கியை மாட்டி அழுத்தினான். அம்மா ஒரு கழிவுத் துணியை வைத்து மிதித்தாள். தையல் நேராக ஓடியது. துணியைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தாள், தலையை ஆட்டினாள், "கையைக் கழுவிட்டு வா, சாப்பிடலாம்" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து எதையும் செய்யவில்லை.

அந்த மெஷின் இருந்தது வீட்டின் முன்னறையில், தெருவைப் பார்த்த ஜன்னலை ஒட்டி. ஆள் உயர ஜன்னல், குறுக்கே கம்பிகள். அம்மா புதுத்துணி தைப்பதில்லை. பேண்ட்டின் நீளம் குறைப்பது, இடுப்பை விரிப்பது, ஜிப் மாற்றுவது, திரைச்சீலைக்கு ஓரம் அடிப்பது, கோட்டுக்கு உள்துணி மாற்றுவது. வந்தவர்கள் யாரும் உள்ளே வந்ததில்லை. துணி கம்பிகளுக்கு நடுவே உள்ளே போகும், அதே வழியாக வெளியே வரும். அளவெடுப்பதும் அப்படித்தான். அளவு நாடாவின் ஒரு முனையை அம்மா வெளியே நீட்டுவாள். ஆண்கள் தாங்களே இடுப்பைச் சுற்றிப் பிடித்து எண்ணைப் படித்துச் சொல்ல வேண்டும்.

"மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்க சார். அப்புறம் உட்கார்ந்தா பட்டன் தெறிச்சு எதிர்க்கடைக்காரி கண்ணுல விழும்."

எதிர்க்கடைக்காரி என்பது இஸ்திரிக்கடை அக்கா. பெட்டியைத் தேய்த்தபடியே அவள் பதில் சொல்வாள்: "என் கண்ணுக்கு என்ன, நான் பொறுக்கி எடுத்து உனக்கே வித்துடுவேன்."

பெண்கள் கம்பிகளில் முதுகைச் சாய்த்து நிற்பார்கள். அம்மா உள்ளிருந்து கையை விட்டுத் தோளை அளப்பாள். கால் நீளம் பார்க்க வேண்டுமென்றால் சிலர் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தூக்கி ஜன்னல் விளிம்பில் வைப்பார்கள். தெருவில் போகிறவர்களுக்கு அது பழகிய காட்சி. ஜன்னலக்கா என்றுதான் அவளுக்குப் பெயர். அப்பாவுக்கும் ஒரு பெயர் இருந்தது. அவர் காதுபட யாரும் சொல்லமாட்டார்கள். பூட்டுக்காரர்.

அப்பா பஸ் டிரைவர். தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது வீட்டை வெளியிலிருந்து பூட்டுவார். ஒரு தரம் இழுத்துப் பார்ப்பார். பிறகு ஜன்னலுக்கு வந்து சாவியை அம்மாவிடம் தூக்கிக் காட்டிவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அம்மா தலையை ஆட்டுவாள். மகன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் அவன் கழுத்துக் கயிற்றில் ஒரு சாவி ஏறியது. மாலையில் வந்து திறந்துகொள்வான். விளையாடக் கிளம்பினால் அம்மாவே குரல் கொடுப்பாள்: "பூட்டிட்டுப் போடா." பூட்டிவிட்டு, அப்பாவைப் போலவே ஜன்னலில் சாவியைக் காட்டிவிட்டு ஓடுவான். எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று வெகுநாள் நினைத்திருந்தான்.

பூட்டு எப்படி வந்தது என்பது தெருவுக்கே தெரிந்த கதை. மகனுக்கு மூன்று வயது. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறித் தாழ்ப்பாளைத் தள்ளிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டான். அம்மா மெஷினில் குனிந்திருந்தாள். அவன் இரண்டு தெரு தாண்டி, பெரிய சாலையின் நடுவில் போய் நின்றான். வந்த பஸ் கிறீச்சிட்டு நின்றது. பயணிகள் முன்சீட்டில் போய் முட்டிக்கொண்டார்கள். டிரைவர் இறங்கி வந்து பார்த்தார். அவருடைய பிள்ளை.

இரண்டே நாளில் பூட்டு வந்தது. பையன் வளர்ந்தான், தாழ்ப்பாள் எட்டும் உயரத்துக்கு வந்தான், மீசை முளைத்தது. பூட்டை எடுக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அப்பாவுக்கு விடுமுறை நாளில் அவரும் அம்மாவும் சேர்ந்து போவார்கள், கடைக்கு, சினிமாவுக்கு, உறவுக்காரர் வீட்டுக்கு. சாலையைக் கடக்கும்போது அப்பா அவள் முழங்கையைப் பிடித்துக்கொள்வார். அவர் குரல் உயர்ந்து மகன் கேட்டதில்லை. அடித்தவர் இல்லை, குடித்தவர் இல்லை. அதனாலேயே அந்தப் பூட்டைப் பற்றிச் சண்டை போட ஒரு பிடி கிடைக்காமல் போனது.

டிப்ளமோ படிக்க விடுதிக்குப் போகிற அன்று, மகன் கழுத்துக் கயிற்றைக் கழற்றிச் சாவியை அம்மாவின் உள்ளங்கையில் வைத்தான். முந்தின வாரம் முழுக்க யோசித்து எடுத்த முடிவு.

"இனிமே இது உன்கிட்ட இருக்கட்டும்மா. நீ எப்ப வேணும்னாலும் வெளிய போகலாம். அப்பாகிட்ட கேக்க வேண்டாம்."

அம்மா சாவியைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக் கண்ணில் நீர் வழிந்து, முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"பூட்டு வெளிய தொங்குது. சாவியை உள்ள வெச்சுக்கிட்டு நான் என்னடா பண்றது? மெஷினுக்குப் படிக்கப் போறவனே."

எதிர்க்கடை அக்காவுக்கும் உடனே சொன்னாள். அந்தத் தெருவில் அது ரொம்ப நாள் ஓடியது. அவன் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் இஸ்திரிக்கடை அக்கா, "வாப்பா, சாவி கொடுத்த வள்ளலே," என்பாள்.

படிப்பு முடிந்தது, வேலை கிடைத்தது, வேறு ஊரில் அறை எடுத்தான். லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் உள்ளே மாட்டிக்கொண்டவர்களோடு போனில் பேசுவது அவன் வேலையில் ஒரு பகுதி. சொல்ல வேண்டியவை எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கும். பயப்படாதீர்கள், காற்று வரும், கதவை நீங்களாகத் திறக்க வேண்டாம், வெளியிலிருந்து ஆள் வரும். ஒருநாள் ஓர் அலுவலகக் கட்டடத்தில் நெடுநேரம் மாட்டிக்கொண்ட பெரியவரை மீட்கப் போனான். பெட்டியைத் தளத்துக்குச் சரியாகக் கொண்டுவந்து கதவைத் திறந்தாயிற்று. எதிரே வெளிச்சமான நடை. பெரியவர் மூலையை விட்டு நகரவில்லை.

"வாங்க சார், திறந்தாச்சு."

"திறந்திருக்கு, தெரியுது," என்றார் அவர். "கொஞ்சம் இருங்க."

மகன் உள்ளே போய்க் கையைப் பிடித்துத்தான் அழைத்து வர வேண்டியிருந்தது. திரும்புகிற வழியில் வண்டியில் உட்கார்ந்திருந்தபோது அவனுக்கு ஜன்னலும் மெஷினும் நினைவுக்கு வந்தன. அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பையில் ஒரு புதுப் பூட்டு இருந்தது. கதவிலேயே பதிக்கிற ரகம். வெளியிலிருந்து சாவி வேண்டும், உள்ளிருந்து குமிழைத் திருகினால் போதும்.

அப்பாவோடு பெரிய சண்டை வரும் என்று எதிர்பார்த்தான். பஸ்ஸில் வரும்போதே வசனமெல்லாம் தயார் செய்திருந்தான். அப்பா பூட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். வயது காரணமாக அவரை வண்டியிலிருந்து இறக்கி டிப்போவில் உட்கார வைத்திருந்த சமயம் அது.

"போடுப்பா. எனக்கும் தினமும் அதோட மல்லுக்கட்ட முடியல."

தயார் செய்த வசனமெல்லாம் வீணாகிப் போனது. கதவில் துளை போட்டான். பழைய கொண்டியைக் கழற்றினான். அது இருந்த இடத்தில் மரம் மட்டும் வெளிறித் தெரிந்தது. அம்மாவை அழைத்துக் குமிழைத் திருகச் சொன்னான். அவள் திருகினாள். கதவு திறந்தது. தெருவை எட்டிப் பார்த்தாள். எதிர்க்கடை அக்கா பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டுக் கைதட்டினாள். அம்மா கதவைச் சாத்திவிட்டு மெஷினுக்குத் திரும்பினாள்.

அவன் வேலை பார்க்கும் ஊருக்குத் திரும்பி, தினமும் மாலையில் போன் செய்தான்.

"இன்னிக்கு வெளிய போனியாம்மா?"

"எங்க போறது? வேலை கிடக்கு."

மறுநாளும் அதே கேள்வி. வெயில் என்றாள். மழை என்றாள். முட்டி வலி என்றாள். ஒருநாள், "போனேன்" என்றாள். எங்கே என்றால், சமையலறைக்கு. அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது. அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

மாதங்கள் ஓடின. அடுத்த முறை ஊருக்கு வந்தபோது, அப்பா கடைக்குப் போயிருந்த நேரத்தில், அவன் அடக்கி வைத்ததைக் கொட்டினான். இவ்வளவு வருஷம் ஓர் ஆளை உள்ளே போட்டுப் பூட்டினால் கால் எப்படி வெளியே வரும், இதற்கெல்லாம் காரணம் அப்பாதான், அவர் பஸ்ஸை மட்டும் ஓட்டவில்லை, உன்னையும் சேர்த்துத்தான் ஓட்டினார், நீயும் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டாய் என்றெல்லாம் சொன்னான்.

அம்மா மிதிப்பதை நிறுத்தினாள்.

"அவரைச் சொல்லாத. பூட்டச் சொன்னது நான்."

அவன் மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"அன்னிக்கு ரோட்டுல இருந்து உன்னைத் தூக்கிட்டு வந்து என் மடியில வெச்சாரு. 'பசிக்குதாம், ஏதாவது கொடு'ன்னாரு. அவ்வளவுதான். பஸ்ல ஜனம் காத்துக்கிட்டிருக்குன்னு ஓடிட்டாரு. நீ எப்ப எழுந்து போனன்னே எனக்குத் தெரியாது. தலையைத் தூக்கிப் பாக்கல. ஒரு திரைச்சீலை முழுக்க ஓரம் அடிச்சு முடிச்சிருந்தேன், தெரியுமா? எவ்வளவு நேரம் ஆகும் அதுக்கு. அன்னிக்கு சாயங்காலம் நான்தான் சொன்னேன். பூட்டு வாங்கிட்டு வாங்க, வெளிய பூட்டிட்டுப் போங்க, என்னை நம்பி இவனை விடாதீங்கன்னு. பைத்தியமா உனக்குன்னாரு. பூட்டு வர்ற வரைக்கும் நான் அவரை வேலைக்கு விடல. கதவுல சாஞ்சு உட்கார்ந்துட்டேன்."

"நான்தான் வளர்ந்துட்டேனேம்மா."

"நீ வளர்ந்துட்ட. நான் அந்த மெஷின்லயே உட்கார்ந்திருக்கேன்."

தெருவில் யாரோ ஒரு பேண்ட்டை ஜன்னல் வழியாக நீட்டினார்கள். அம்மா வாங்கி, அளவைக் கேட்டு, சாக்கட்டியால் கோடு போட்டு, நாளை மறுநாள் வாருங்கள் என்று அனுப்பினாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

"ஊரெல்லாம் அவரைப் பூட்டுக்காரர்னு சொல்லுதே. நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்றேன்னுதான் சொன்னேன். வேண்டாம்னுட்டாரு. 'இன்ஜின் சத்தத்துல எனக்குக் காது பாதி போச்சு. என்னைச் சொன்னா கேக்காது. உன்னைச் சொன்னா உனக்குக் கேக்கும்'னாரு."

மகன் கேட்க நினைக்காத ஒன்றைக் கேட்டான்.

"நீ சந்தோஷமா இருந்தியாம்மா?"

"இருந்தேன். அதுதான் உனக்குப் பிடிக்கல." அம்மா கத்தரியை எடுத்து நூலை வெட்டினாள். "சந்தோஷத்துக்கு என்ன குறை. வேலை இருந்துச்சு, பேச ஆளு வந்துச்சு, உங்கப்பா நேரத்துக்கு வந்தாரு. வெளிய போகாதது வேற. ரெண்டையும் ஒண்ணா போட்டுத் தைக்காத. பூட்டு இருந்த வரைக்கும் எனக்கு ஒரு பதில் இருந்துச்சு. வாயேன்னு யாராவது கூப்பிட்டா, பூட்டியிருக்குன்னு சொல்லிடுவேன். நீ வந்து அதையும் கழட்டிட்ட. இப்ப கதவு திறந்திருக்கு, நான் உள்ள இருக்கேன். இதை நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?"

அன்றிலிருந்து போனில் அந்தக் கேள்வியைக் கேட்பதை விட்டுவிட்டான்.

கேட்பதை விட்ட பிறகு அவளாகச் சொல்ல ஆரம்பித்தாள். ஒருநாள் தெருவைக் கடந்து இஸ்திரிக்கடைக்குப் போனாளாம். அங்கிருந்து தன் ஜன்னலைப் பார்த்தாளாம். "நம்ம வீடு வெளிய நின்னு பாத்தா ரொம்பச் சின்னதுடா. திரைச்சீலை ஒரு பக்கம் ஏறியிருக்கு. இத்தனை நாள் ஒருத்தரும் சொல்லல பாரு." வெளிநாடு போய்விட்டு வந்தவள் மாதிரி பேசினாள். இன்னொரு நாள் மூலை மருந்துக்கடைக்குக் கிளம்பிப் பாதியில் திரும்பிவிட்டாள். ஒரு பஸ் போனதாம். நிற்காமல் போன பஸ்தான். இருந்தாலும் அதற்கு மேல் கால் போகவில்லையாம். அதை அவள் சிரிக்காமல் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டான். அதைத் தவிர வேறு வழி அவனுக்குத் தெரியவில்லை.

பெல்ட்டைச் சுருக்கிய ஞாயிறு அதற்குப் பிறகு வந்தது. அன்றிரவே அவன் வேலைக்குத் திரும்பிவிட்டான். மறுநாள் திங்கட்கிழமை மாலை அம்மாவே போன் செய்தாள். வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர் ஒரு பழுப்புக் கோட்டைக் கொடுத்திருக்கிறார், உள்துணி மாற்றியாயிற்று, ஒரு பட்டன் மட்டும் தொலைந்திருக்கிறது என்றாள். மரத்தில் ரேகை ஓடுகிற மாதிரி கோடு போட்ட பட்டன். இஸ்திரிக்கடை அக்கா இரண்டு தரம் வாங்கி வந்தாள், இரண்டும் சேரவில்லை.

"அவளுக்குப் பழுப்புன்னா எல்லாம் பழுப்புதான். நாளைக்கு நானே போய்ப் பாத்து வாங்கிட்டு வரப்போறேன்."

"அப்பாவோடயா?"

"தனியா. பஸ்ல போய் மார்க்கெட்ல இறங்கினா அங்கதான் பட்டன் கடை. அப்பாகிட்ட எத்தனாவது ஸ்டாப்புன்னு கேட்டுக்கிட்டேன்."

"ஜாக்கிரதையா போயிட்டு வாம்மா."

"பட்டன் வாங்கத்தாண்டா போறேன். லிஃப்ட்டுக்கு மேல ஏறவா போறேன்."

செவ்வாய்க்கிழமை காலையில் அப்பா போன் செய்தார்.

"அம்மா இன்னும் எழுந்திருக்கல."

"எழுப்புங்கப்பா."

"எழுப்பிட்டேன்."

தூக்கத்திலேயே இதயம் நின்றிருந்தது என்றார் டாக்டர். மற்றதெல்லாம் எல்லா வீட்டிலும் நடக்கிற மாதிரிதான் நடந்தது. தெரு முழுக்க வந்தது. வந்தவர்களில் பலர் அந்த அறைக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. மெஷினுக்குப் பின்னால் நின்று, அவள் பார்த்த பக்கத்திலிருந்து தெருவைப் பார்த்தார்கள். இஸ்திரிக்கடை அக்கா அன்று பெட்டியைச் சூடாக்கவில்லை.

சொந்தக்காரர்கள் போன பிறகு ஒருநாள், அப்பாவும் மகனும் முன்னறையில் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலில் ஒரு நிழல் விழுந்தது. வங்கிக்காரர். விஷயம் அவருக்குத் தெரியாது. "அக்கா இல்லையா? ஒரு கோட்டு கொடுத்திருந்தேன்," என்றார். மகன் சொன்னான். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கோட்டுக்கு ஒன்றும் அவசரமில்லை, பிறகு வருகிறேன் என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"கொடுத்துடலாம்," என்றார் அப்பா. "எதுக்கு அவர் திரும்ப அலையணும்."

மகன் கோட்டை ஆணியிலிருந்து எடுத்தான். ஒரு பட்டன் இல்லை என்றல்லவா சொன்னாள், இதில் இரண்டு இல்லை. கடையில் காட்டிப் பொருத்தம் பார்க்க ஒன்றைக் கழற்றியிருப்பாள் என்று தோன்றியது. மெஷின் இழுப்பறையில் தேடினான். அப்பா எழுந்துபோய் அலமாரியிலிருந்து அவளுடைய கைப்பையை எடுத்து வந்தார். உள்ளே சின்னக் காகிதப் பொட்டலத்தில் அந்தப் பட்டன் இருந்தது. கூடவே குடை, கண்ணாடிக் கூடு, மடித்த கைக்குட்டை.

அப்பா பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அவ நிஜமாவே போயிருப்பாளாடா?"

"பையெல்லாம் எடுத்து வெச்சிருக்காளேப்பா."

"பையை அவ எத்தனையோ தடவை எடுத்து வெச்சிருக்கா," என்றார் அப்பா. "நான் வேலையிலிருந்து வந்து பாத்தா கட்டில் மேல இருக்கும். நான் ஒண்ணும் கேக்கமாட்டேன். திரும்ப உள்ள வெச்சுடுவா."

மகன் கோட்டை மறுபடி ஆணியில் மாட்டினான். அவன் போய் அந்தப் பட்டனை வாங்கி வரலாம். அப்பாவும் போகலாம், அவருக்கு அந்த ஸ்டாப் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். யார் போனாலும் பட்டன் கிடைத்துவிடும். அவள் போயிருப்பாளா என்பது மட்டும் அந்தக் கடையில் கிடைக்காது. இருவரும் கிளம்பவில்லை.